பரிந்துரைக்கப்படும் நூல்

எடைக்கருவித் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் "தலைவரே" என்றுதான் கூப்பிட்டார்கள். முன்பின் தெரியாதவனைக்கூட அப்படித்தான் கூப்பிடுகிறோம். கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லவும், தீப்பெட்டி கேட்கவும் அதைவிடச் சௌகரியமான சொல் கிடையாது. அவர் மட்டும் அதைப் பதவியாக எடுத்துக்கொண்டார். முதல் முறை கேட்ட அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னார்.

"இன்னிக்கு என்னைத் தலைவர்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க."

"யாரு?"

"எல்லாரும்தான். வாட்ச்மேன்கூட."

வாட்ச்மேன்கள் எல்லோரையுமே அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிது, சொல்லவில்லை. சொல்லாமல் விடுகிற பழக்கம் அவளுக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

அவருக்கு வேலை சரிபார்ப்புப் பிரிவில். புதிதாகச் செய்த தராசு எதுவானாலும் அவர் மேசைக்கு வந்துதான் வெளியே போகும். வெல்வெட் பதித்த பெட்டியிலிருந்து எடைக்கற்களை இடுக்கியால்தான் எடுப்பார். விரல் பட்டால் விரலின் எண்ணெய்ப்பசையும் சேர்ந்து எடை காட்டும் என்பார். ஒரே கல்லைத் தட்டின் நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைப்பார். எந்த மூலையில் வைத்தாலும் முள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நின்றால் ஈய முத்திரை. இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பிப் போகும், கூடவே அதைச் செய்தவனுக்கு அரைமணி நேரச் சொற்பொழிவும் போகும். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் முத்திரை குத்திய தராசு ஒன்றுகூடப் புகாரோடு திரும்பி வந்ததில்லை. தன்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சரியாக நிறுத்தார் என்று சொல்லிவிட்டுப் போகலாம். கெட்டிக்காரத்தனமாக இருக்கும், அதோடு உண்மையாகவும் இருந்து தொலைக்கும்.

அவர் வாழ்க்கையில் ஆசைப்பட்டது ஒரே ஒரு நாற்காலிக்கு. சரிபார்ப்புப் பிரிவின் கண்ணாடி அறைக்குள் இருந்த, கைப்பிடி வைத்த, சுழலும் நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்த பிரிவுத் தலைவர் ஓய்வு பெற இன்னும் ஒன்பது வருஷம் இருந்தபோதே அந்த நாற்காலிக்கு எந்தப் பக்கம் மெத்தை தேய்ந்திருக்கிறது என்பது இவருக்குத் தெரியும். "பெரியவர் எழுந்தா அடுத்து நான்தான்" என்பார் வீட்டில். பெரியவர் எழுந்திருக்கிற வழியாக இல்லை. அந்த ஒன்பது வருஷத்தில்தான் புத்தகங்கள் வந்தன.

தொழிற்சாலையில் வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவருக்கும் மதிப்பீட்டுப் படிவம் வரும். அதை நிரப்புகிறவர் மேலாளர். மேலாளர் மென்மையான மனிதர், அதாவது பயந்தவர். ஒரு காலத்தில் பெயின்ட் பிரிவு ஆள் ஒருவனுடைய படிவத்தில் 'சோம்பல்' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டார். அவன் படிவத்தோடு நேரே அறைக்குள் வந்து, அதுவரை யாரும் அவனிடம் பார்த்திராத சுறுசுறுப்போடு ஒரு நாற்காலியைத் தூக்கி வீசினான். அன்றிலிருந்து மேலாளர் யாரைப் பற்றியும் குறை எழுதுவதில்லை. எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று'. ஆனால் படிவத்தின் அடியில் கடைசியாக ஒரு கட்டம் இருந்தது: பரிந்துரைக்கப்படும் நூல். ஆளுமை வளரட்டும், தலைமைப் பண்பு ஓங்கட்டும் என்று எவரோ ஆர்வக்கோளாறில் சேர்த்த கட்டம். மேலாளர் சொல்ல வேண்டியதையெல்லாம் அதில் சொல்லத் தொடங்கினார். சிடுமூஞ்சிக்குக் கோபத்தை அடக்குவது பற்றிய நூல். தினமும் தாமதமாக வருகிறவனுக்கு நேரத்தைத் திட்டமிடுவது பற்றிய நூல். குறையில்லாதவனுக்குக் கட்டம் காலி.

ஒரே வருஷத்தில் விஷயம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. நூல் வந்தவர்கள் படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தார்கள். "என்னப்பா, உனக்குப் புத்தகமா?" என்று கேட்டால் கைகலப்பில் முடிந்தது.

புரியாத ஒரே ஆள் தலைவர்.

முதல் வருஷம் அவருக்கு வந்தது பிறர் பேசும்போது காது கொடுத்துக் கேட்பது பற்றிய நூல். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அதை நடுவில் வெட்டி அந்தச் செய்தியைச் சொன்னார்.

"எங்க பிரிவுல பதினாலு பேர். புத்தகம் எழுதியிருக்கறது மூணு பேருக்குத்தான். என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"பொறுக்கி எடுத்துத் தயார் பண்றாங்க. பெரிய இடத்துல எல்லாம் இப்படித்தான். முதல்ல படிக்க வைப்பாங்க. அப்புறம் உட்கார வைப்பாங்க."

தொழிற்சாலை அலமாரியில் இருந்த பிரதி போதாதென்று சொந்தமாக ஒன்று வாங்கினார். பழுப்புத்தாள் உறை போட்டார். உள்பக்கம் 'மேலாளர் அவர்களின் பரிந்துரை' என்று எழுதித் தேதி போட்டார். ஒரே வாரத்தில் வரிக்கு வரி அடிக்கோடிட்டுப் படித்து முடித்தார். அந்த வாரம் முழுக்க மனைவி சொன்ன எதுவும் அவர் காதில் விழவில்லை, படித்துக்கொண்டிருந்தார். முடித்த கையோடு மேலாளருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதினார்.

'தாங்கள் பரிந்துரைத்த நூல் என் கண்களைத் திறந்தது. என் வளர்ச்சியில் தாங்கள் காட்டும் அக்கறைக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். தங்கள் அடுத்த பரிந்துரையை ஆவலோடு எதிர்பார்த்திருக்கிறேன்.'

மேலாளர் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தார். முதல் முறை ஆச்சரியப்பட்டார், இரண்டாம் முறை சந்தேகப்பட்டார், மூன்றாம் முறை புரிந்துகொண்டார்: இவன் என்னைக் கிண்டல் பண்ணுகிறான்.

ஒருவர் ஒருவரைப் புரிந்துகொள்ளாமல் இத்தனை வருஷம் கடிதத் தொடர்பு வைத்திருந்தது அரசர்களுக்கும் காதலர்களுக்கும் மட்டுமே நடந்திருக்கும். இரண்டாம் வருஷம், கீழே வேலை செய்பவர்களை நம்புவது பற்றிய நூல். மூன்றாம் வருஷம் கோபம். நான்காம் வருஷம், மற்றவர்களைப் பாராட்டுவது. ஒவ்வொன்றுக்கும் முந்தியதைவிட நீளமான நன்றிக் கடிதம் போயிற்று. ஐந்தாம் வருஷம் மேலாளர் பொறுக்க மாட்டாமல் பணிவு பற்றிய நூலை எழுதினார். தலைவர் முன்னைவிடப் பணிவாக நன்றி சொன்னார். ஆறாம் வருஷமும் பணிவு. இந்த முறை தடிப் புத்தகம்.

"ஒரே பாடத்துல ரெண்டு புத்தகம். உயர்நிலைப் பயிற்சின்னு அர்த்தம்" என்றார் தலைவர், உறை போட்டபடி.

வீட்டில் நடந்தது தனிக் கதை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் குடும்பக் கூட்டம் என்று மூன்றாம் புத்தகத்தின் போதே ஏற்பாடாகிவிட்டது. நிகழ்ச்சி நிரல் உண்டு. நடவடிக்கைக் குறிப்பேடு உண்டு. மனைவியின் பலங்கள், மனைவி முன்னேற வேண்டிய இடங்கள் என்று இரண்டு தலைப்பு நிரந்தரமாக இருந்தன. முதல் தலைப்பு சீக்கிரம் முடிந்துவிடும். மகள் பத்து நிமிஷ நடையில் ஒரு கல்லூரி இருக்க, எட்டு மணி நேரப் பயணத்தில் உள்ள கல்லூரியில் விடுதியோடு சேர்ந்தாள். அந்தக் கல்லூரிதான் தரமானது என்று எல்லோரிடமும் சொல்லப்பட்டது. அதன் பிறகு கூட்டத்துக்கு ஆள் இரண்டு பேர்தான். "ரெண்டு பேர் இருந்தாலும் கூட்டம் கூட்டம்தான்" என்று தலைவர் குறிப்பேட்டில் வருகைப் பதிவு செய்தார்.

மனைவிக்கு உண்மை தெரிந்தது ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில். ஆறாம் புத்தகம் வந்து ஒரு மாதம் இருக்கும். பக்கத்து நாற்காலியில் ஒரு கன்னம் வீங்கிய பெண் உட்கார்ந்திருந்தாள். தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் படிவங்களைக் கோப்பில் சேர்க்கிறவள். எல்லோருக்கும் அக்கா. வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டே அவள் பேசினாள்.

"நீங்க தலைவர் வீட்டம்மாதானே? உங்க வீட்டுக்காரர் மாதிரி கிண்டல் பண்ற ஆளை நான் பாத்ததே இல்லீங்க."

"அவரா? கிண்டலா?"

"சும்மா இருங்க. உங்களுக்குத் தெரியாதா? மேனேஜர் குத்திக் காட்டிப் புத்தகம் எழுதினா, இவரு நன்றி சொல்லி லெட்டர் போடறாரு பாருங்க. போன லெட்டரைப் படிச்சுட்டு மனுஷன் ரெண்டு நாள் சாப்பிடலை. நாங்க எல்லாம் ஒரு பிரதி எடுத்து வச்சிருக்கோம். மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்துட்டு வாசிப்போம்."

"குத்திக் காட்டியா?"

அக்கா பஞ்சை எடுத்துவிட்டு முழுக்கச் சொன்னாள். கட்டம், காலிக் கட்டம், சோம்பல், நாற்காலி எல்லாம். சொல்லி முடித்தபோது மனைவியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அன்று அவளுக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். வலிக்கிறதா என்று மருத்துவர் கேட்டபோது இல்லை என்றாள். நிஜமாகவே தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். வாய் மரத்திருந்தது, சரி, நாளைக்கு. மறுநாள் அவர் புத்தக அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறு புத்தகமும் வந்த வருஷ வரிசையில் நின்றன. அந்த முதுகையும் அந்தத் துணியையும் பார்த்ததும் பாவமாக இருந்தது. அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டாள்.

அந்த அடுத்த வாரத்தில் அவள் தம்பி வந்தான்.

டயர்க் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தவன். கிடங்கை மூடிவிட்டார்கள். ஒரு பெட்டியோடு வந்து, "ஒரு மாசம் இருந்துக்கறேன்க்கா, அதுக்குள்ள எங்கயாவது பாத்துடுவேன்" என்றான். தலைவர் அவனை அன்போடு வரவேற்றார். அவர் அன்பு எப்போதும் புத்தகமாகத்தான் வரும். முதல் நாளே நம்பிக்கையைக் கைவிடாதிருப்பது பற்றிய நூல் ஒன்றைக் கையில் கொடுத்து, தினமும் ஒரு அத்தியாயம், இரண்டு பக்கத்தில் சுருக்கம் என்று விதித்தார். மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்குத் தம்பி தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"இன்னிக்குச் சுருக்கம் எங்கப்பா?"

"பத்து இடத்துல ஏறி இறங்கினேன் மாமா. நாளைக்குச் சேர்த்துத் தர்றேன்."

"அப்ப சாப்பாட்டையும் நாளைக்குச் சேர்த்துச் சாப்பிடலாம்."

தம்பி சிரித்தான். மனைவியும் சிரித்தாள், கரண்டி கையில் இருந்தது.

"மாமா, விளையாடாதீங்க."

"விளையாட்டு இல்லப்பா, ஒழுங்கு. வேலை இல்லாதவனுக்கு முதல்ல போறது ஒழுங்குதான். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். ரெண்டு பக்கம். எழுதிட்டு வந்து உட்காரு."

நாற்பது வயது ஆண்பிள்ளை தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய், துணி காயப்போடும் இடத்தில் கொடிக்கு அடியில் தரையில் உட்கார்ந்து பென்சிலால் எழுதினான். அவள் கரண்டியோடு நின்றாள். அன்று ஒரு வார்த்தை அவள் பேசியிருக்கலாம். பேசவில்லை. அவள் அவரை மன்னிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். தன்னை மன்னிக்க முடியாதபோது வேறொருவரை மன்னிக்காமல் இருப்பது கொஞ்சம் ஆறுதல்.

பதினோரு நாள் எழுதினான். பன்னிரண்டாம் நாள் காலை பெட்டியோடு போய்விட்டான். சாப்பாட்டு மேசையில் கடைசிச் சுருக்கம் இருந்தது. அதன் கடைசி வரி: 'இந்த நூலிலிருந்து நான் கற்றது, தட்டுக்கு முன்னால் கணக்குக் கேட்கும் வீட்டில் சாப்பிடக் கூடாது என்பது.' தலைவர் அதையும் விடாமல் சிவப்புப் பேனாவால் திருத்தினார். 'கருத்து தலைப்பை விட்டு விலகுகிறது. கையெழுத்து திருந்த வேண்டும்.' பத்துக்கு மூன்று மதிப்பெண்.

அவள் அந்தத் தாளை மடித்துச் சமையலறையில் உப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். புத்தக விஷயத்தைச் சொல்லும் எண்ணத்தையும் அதே இடத்தில் வைத்தாள். தம்பி எங்கோ ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தான். தலைவர் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போன் செய்வான்.

அதன் பிறகு மூன்று வருஷம், மூன்று புத்தகம். தவறை ஒப்புக்கொள்வது, மௌனத்தின் பயன், தன்னைத் தானே அறிவது. ஒவ்வொன்றுக்கும் அவளே கடையில் பழுப்புத்தாள் வாங்கி வந்து கொடுத்தாள்.

ஒன்பதாம் வருஷம் பெரியவர் ஒருவழியாக நாற்காலியை விட்டு எழுந்தார். நேர்முகத் தேர்வு என்று அறிவிப்பு வந்தது. போட்டி இரண்டு பேருக்குள்தான்: தலைவர், பூனை. பூனை என்பது அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். வருவதும் போவதும் சத்தமில்லாமல் இருப்பதால் அந்தப் பெயர்.

"பூனைக்கு இதுவரைக்கும் ஒரு புத்தகம்கூட எழுதினதில்லை" என்றார் தலைவர். "ஒப்புக்குக் கூப்பிட்டிருக்காங்க, பாவம்."

தேர்வுக்கு முந்தின நாள் மாலை அலமாரி முன்னால் நின்றுகொண்டு கேட்டார்.

"ஏம்மா, இந்தப் புத்தகம் ஒன்பதையும் கையோட எடுத்துட்டுப் போகட்டா? மேசைமேல வரிசையா வச்சா நான் வாயால சொல்ல வேண்டியதே இல்லை. என்ன சொல்ற?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கருத்துக் கேட்டது அபூர்வம். அதிலும் பதிலுக்குக் காத்திருந்தது இதுவே முதல் தடவை. மூன்று வருஷமாக எந்தக் கதவின் பின்னால் நின்றாளோ அந்தக் கதவை அவரே திறந்து கொடுத்தார். 'வேண்டாங்க' என்று ஒரே சொல் போதும்.

"எடுத்துட்டுப் போங்க" என்றாள். "வந்த வரிசையிலேயே வைங்க. அப்பத்தான் புரியும்."

கனத்த துணிப்பை ஒன்றைத் தேடி எடுத்தாள். கசங்கியிருந்தது, இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் அவர் மூன்று மணிக்கெல்லாம் வீடு திரும்பினார். உடைந்து வருவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். எந்த முகத்தோடு எதிர்கொள்வது என்று காலையிலிருந்து யோசித்தும் வைத்திருந்தாள். அவர் விசிலடித்துக்கொண்டு வந்தார்.

"டீ போடு. எல்லாம் சொல்றேன்."

"கிடைச்சுதா?"

"அவசரப்படாதே. வரிசையாச் சொல்றேன். உள்ள மூணு பேர். மேனேஜர், சின்ன முதலாளி, வெளியிலேர்ந்து ஒரு அம்மா, கண்ணாடி போட்டவங்க. நான் பையைப் பிரிச்சு ஒண்ணொண்ணா அடுக்கினேன். சின்ன முதலாளி கண்ணு விரிஞ்சுபோச்சு. 'இத்தனையும் மேனேஜர் சாரே குடுத்தாரா?'ன்னாரு. 'வருஷத்துக்கு ஒண்ணுங்க, தவறாமே'ன்னேன். மேனேஜருக்குக் கூச்சம், தலையே நிமிரலை."

"அப்புறம்?"

"அந்த அம்மா உறையைப் பிரிச்சு ஒவ்வொரு தலைப்பாப் படிச்சாங்க. காது கொடுத்துக் கேக்கறது, கோபம், பணிவு, மறுபடியும் பணிவு. 'ஒவ்வொண்ணும் எதுக்குக் குடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?'ன்னு கேட்டாங்க. 'தெரியாமயா? இந்த நாற்காலிக்கு என்னைத் தயார் பண்ணத்தான்'னேன். அவங்களுக்கு இருமல் வந்துடுச்சு. தண்ணி குடிச்சாங்க. கொஞ்சம் வெளியில இருங்கன்னாங்க. நான் வராந்தாவுல நிக்கறேன், உள்ள ஒரே சிரிப்பு. சின்ன முதலாளி சிரிச்சு நான் பாத்ததே இல்லை. நல்ல மனநிலையில இருந்தாங்கன்னு வச்சுக்கயேன்."

டீ பொங்கியது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"அப்புறம் மேனேஜரே வெளியில வந்தாரு. மூஞ்சியெல்லாம் சிவந்துகிடந்தது. ஏதோ சொல்ல வந்தாரு, முடியலை. தோள்ல கையை வச்சு, 'உங்களுக்கு இன்னும் ஒரு புத்தகம் இருக்கு'ன்னாரு. சீட்டுல எழுதியும் குடுத்துட்டாரு." சீட்டை மேசைமேல் வைத்தார். இருப்பதைக் கொண்டு திருப்தியடைவது பற்றிய நூல்.

"அப்ப நாற்காலி?"

"இப்போதைக்குப் பூனையை உட்கார வைக்கறாங்க. நான் இதையும் முடிக்கணுமில்ல? ஒரே ஒரு புத்தகம்தான் பாக்கி." டீயை ஊதிக் குடித்தார். "எனக்கு அந்தப் பையனை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு. ஒரு புத்தகம் படிக்காம எப்படிச் சமாளிப்பான்?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வருஷம் தீட்டிய கத்தி, குத்தியும் ஆயிற்று, மனிதருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. அவமானம் என்பதும் ஒரு மொழி, அது தெரியாதவனிடம் எவ்வளவு கத்தினாலும் வீண்தான். அவளுக்கு வந்தது இரக்கமல்ல, எரிச்சல்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல சொல்லு. நிகழ்ச்சி நிரல்ல சேர்த்துக்கறேன்" என்று குறிப்பேட்டைத் திறந்து எழுதினார்: நான்கு. மனைவி, ஒரு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது. முந்தைய கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்பட்டது. மின்விசிறியின் சத்தம், குளியலறைக் குழாயின் ஒழுக்கு, மனைவி முன்னேற வேண்டிய இடங்கள் ஆகியவை விவாதிக்கப்பட்டன.

"நாலு. சொல்லு."

அவள் சொன்னாள். பெயின்ட் பிரிவு ஆளிலிருந்து தொடங்கி, கட்டம், காலிக் கட்டம், டிபன் டப்பாவைத் திறந்து வைத்து வாசிக்கப்பட்ட கடிதங்கள் வரை ஒன்றையும் விடவில்லை. குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை. அவர் வழக்கம்போல் குறிப்பு எடுத்துக்கொண்டே வந்தார். பாதியில் பேனா நின்றது. முதல் தடவையாக அவர் அவளைக் குறுக்கே வெட்டாமல் கேட்டார். முதல் புத்தகம் ஒன்பது வருஷம் கழித்து வேலை செய்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு வருஷமா."

"உள்ள சிரிச்சாங்களே, அது..."

"ஆமா."

"தலைவரேன்னு கூப்பிடறது?"

"அது எல்லாரையும்தாங்க கூப்பிடறாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பையை நீதானே இஸ்திரி போட்டுக் குடுத்தே?"

"ஆமா. நான்தான்."

அவர் பேனாவை எடுத்தார். அதையும் குறிப்பேட்டில் எழுதினார். கையெழுத்து கொஞ்சமும் கோணவில்லை. "கூட்டம் முடிஞ்சுது" என்றார். எழுந்து போனார். மத்தியானம் அவள் அலமாரிப் பக்கம் போனபோது ஒன்பது புத்தகங்களும் முதுகைச் சுவர்ப்பக்கம் காட்டித் திருப்பி வைக்கப்பட்டிருந்தன.

நான்கு நாள் அவர் பேசவில்லை. தொழிற்சாலைக்குப் போனார், நான்கு மூலையிலும் கல்லை வைத்தார், முத்திரை குத்தினார், வந்தார். யாருக்கும் சொற்பொழிவு இல்லை. நோய்வாய்ப்பட்டிருக்கிறாரா என்று அக்கா போனில் விசாரித்தாள். ஐந்தாம் நாள் மாலை அவர் கடிதத்தாள் எடுத்தார். எழுதியதை அவளிடம் நீட்டினார்.

'தாங்கள் பரிந்துரைத்த பத்தாவது நூல் என் கண்களைத் திறந்தது. என் வளர்ச்சியில் தாங்கள் காட்டும் அக்கறைக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.' 'பத்தாவது' என்பதைத் தவிர வார்த்தைக்கு வார்த்தை பழைய கடிதம்தான். புத்தகத்தை அவர் இன்னும் வாங்கவே இல்லை.

"பணிவு போதுமா?" என்று கேட்டார்.

அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் வாயோரத்தில் ஏதோ ஒன்று முதன்முதலாக உட்கார்ந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றாள்.

இருவரும் சேர்ந்து கடைசியில் இரண்டு வரி சேர்த்தார்கள். கல்யாணமாகி அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான் என்று சொன்னால் மிகையில்லை. ஒன்பது வருஷம் உண்மையாக எழுதியதை மேலாளர் கிண்டல் என்று நினைத்தார். இந்த ஒன்றுதான் கிண்டல். இதைத்தான் அவர் நம்பினார். படித்துவிட்டு மேலாளரின் கண் கலங்கிவிட்டதென்றும், 'தப்பா நினைச்சுட்டேன், தங்கமான மனுஷன்' என்று கடிதத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுத் தன் அறைச் சுவரில் மாட்டிவிட்டாரென்றும் அக்கா சொன்னாள். தங்கமான மனுஷனுக்கு நாற்காலியைக் கொடுக்கலாமே என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பூனை அதில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கிடையாது என்று அவர் நினைத்திருந்தார். பத்து மணிக்கு அவள் வந்து மேசையில் உட்கார்ந்தாள். உப்பு டப்பாவுக்குப் பின்னால் இருந்த தாளை எடுத்து அவர் முன்னால் பிரித்து வைத்தாள். பென்சில் எழுத்து மங்கியிருந்தது. சிவப்பு மை அப்படியே இருந்தது. பக்கத்தில் வெற்றுத்தாள் இரண்டு வைத்தாள்.

"தம்பிக்கு எழுதுங்க."

"என்னன்னு?"

"எனக்கென்ன தெரியும்? தவறை ஒப்புக்கறதைப் பத்தி நீங்கதானே படிச்சீங்க."

பேனாவை எடுத்தார். வைத்தார். எடுத்தார். நன்றி சொல்லும் கை மன்னிப்புக்குப் பழகவில்லை. 'அன்புள்ள மைத்துனனுக்கு' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. பன்னிரண்டாயிற்று. ஒன்றாயிற்று. சமையலறையிலிருந்து வாசனை வந்தது. அவர் எழுந்து கைகழுவிக்கொண்டு வந்து தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அவள் கரண்டியோடு நின்றாள்.

"ரெண்டு பக்கம்" என்றாள். "எழுதிட்டு வந்து உட்காருங்க."

அவர் அவளைப் பார்த்தார். சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

தட்டை அப்படியே வைத்துவிட்டு, தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய்த் துணிக்கொடிக்கு அடியில் தரையில் உட்கார்ந்தார். மூன்று மணிக்கு ஒன்றரைப் பக்கம் வந்திருந்தது. சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அவள் அதைச் சூடு பண்ணவில்லை. மேசையில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்து, மை வருகிறதா என்று ஓரத்தில் ஒரு கோடு கிழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.